முதன்மை ஆய்வாளர்

மண் சார் என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்த வேளாண் ஆய்வாளர் ஓடி ஆய்வு நிலையத்தில் யாரும் பார்த்ததில்லை. மழை கொட்டினால்கூட நிதானமாக நனைந்துகொண்டு வருகிற ஆள். அவர் உணவறை வராந்தாவில் துரத்தப்பட்டவர் மாதிரி ஓடிவருவதைப் பார்த்தபோது, குழாயடியில் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்த அவளுக்கு எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. அவர் வந்து நின்று, மூச்சு வாங்கியபடி குழாயை மூடினார். அவள் கையிலிருந்த டப்பாவை வாங்கி மேடைமேல் வைத்தார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்.

"கெடச்சிடுச்சு மேடம்."

"என்ன சார் கெடச்சுது?"

"நம்ம ப்ராஜெக்ட். கேட்டதை அப்படியே குடுத்துட்டாங்க. அஞ்சு வருஷத்துக்கு."

அவளுடைய விரல்களிலிருந்து சோப்பு நுரை சொட்டிக்கொண்டிருந்தது. சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரித்தாள். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் சிரித்தாள்.

அந்த நிலையத்தில் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத மூன்று கட்டடங்கள் இருந்தன. வாசல் பக்கக் கட்டடம் வேளாண்மைக்கு. மண் சார் அங்கே பல வருஷங்களாக ஒரே வறண்ட சோதனை வயலைத் தோண்டிக்கொண்டிருந்தார். ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே உள்ள இடைவெளி நீண்டுகொண்டே போகிறது, அந்த இடைவெளியில் மண்ணுக்குள் தண்ணீர் என்ன ஆகிறது என்பது அவருடைய கேள்வி. நடுக்கட்டடத்தின் மாடியில் கணிதப் பிரிவு. அவள் அங்கே இருந்தாள். சாலையோ மின்கம்பியோ தொற்றுநோயோ, எதுவானாலும் அவளுக்குப் புள்ளிகளும் அவற்றைச் சேர்க்கும் கோடுகளும்தான். கோடுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் வலை எப்போது துண்டாகும் என்று கணக்குப் போடுவதில் அவள் இளமை போயிருந்தது. கடைசியில், மரங்களுக்குப் பின்னால், தடித்த சுவர் வைத்த ஒரு கட்டடம். அதற்குள் ஓர் எஃகுக் கலம். காற்றையெல்லாம் உறிஞ்சி வெளியேற்றி, நட்சத்திரங்களுக்கு நடுவே நிலவுகிற குளிரை அதற்குள் உண்டாக்கி, சின்னத் தகடு ஒன்றின்மேல் பனியைப் படியவைத்து, அதில் என்னென்ன மூலக்கூறுகள் பிறக்கின்றன என்று பார்க்கிற வேலை. அதைச் செய்கிற பெண்ணுக்கு முப்பதைத் தாண்டிய வயது, ஒப்பந்த வேலை. வாசல் காவலாளி அவளுக்கு 'ஐஸ்' என்று பேர் வைத்துவிட்டார். இயக்குநர்கூட அசந்த வேளையில் அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்.

சென்ற மழைக்காலத்தில் இயக்குநர் மூவரையும் வரச்சொன்னார். புதிதாக ஒரு நிதித் திட்டம் வந்திருக்கிறது, சம்பந்தமே இல்லாத மூன்று துறைகள் சேர்ந்து விண்ணப்பித்தால்தான் தருவார்களாம், இப்போது கையில் ப்ராஜெக்ட் இல்லாமல் இருப்பது நீங்கள் மூன்று பேர்தான் என்றார். வெளியே வந்ததும் மண் சார், "ஒருத்தரை ஒருத்தர் சரியாப் பார்த்ததுகூட இல்ல, அதுக்குள்ள குடித்தனம் வெச்சுட்டார்" என்றார். ஒரு வாரம் மூவரும் ஓர் அறையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். மண்ணையும் நட்சத்திரத்தையும் எதை வைத்து ஒட்டுவது என்று யாருக்கும் புரியவில்லை. பேச்சு ஓடாத ஒரு மதியத்தில் மண் சார், மண் எப்படிக் காய்கிறது என்று சும்மா சொல்லிக்கொண்டிருந்தார். மண்ணுக்குள் கோடிக்கணக்கான துளைகள். ஈரம் இருக்கும்போது அவை ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும். காயக் காயத் தொடர்பு அறுந்து, தண்ணீர் தனித்தனித் திட்டாக நின்றுவிடும். ஈரம் இருக்கும், வேருக்கு வருவதற்கு வழி இருக்காது. பயிர் ஒரே நாளில் தலையைத் தொங்கப்போடும். அதைக் கேட்ட ஐஸ், பனியிலும் அப்படித்தான் என்றாள். அந்தக் குளிரில் மூலக்கூறுகள் விழுந்த இடத்திலேயே கிடக்கும். கொஞ்சம் சூடேறினால் பனிக்குள் இருக்கும் துளைகள் சேர்ந்து வழி கிடைக்கும். அப்போதுதான் ஒன்று இன்னொன்றைச் சந்தித்து மூன்றாவதாக மாறும்.

இருவரையும் கேட்டுக்கொண்டிருந்த அவள் காகிதத்தை இழுத்து ஒரே வாக்கியம் எழுதினாள். சிதறிக் கிடக்கும் துளைகள் எந்தக் கட்டத்தில் ஒரே வழியாகின்றன, எந்தக் கட்டத்தில் அறுபடுகின்றன என்பதை மண்ணுக்கும் விண்பனிக்கும் சேர்த்து ஒரே கணிதத்தில் சொல்ல முடியுமா என்று. மண் சார் அதை இரண்டு தடவை படித்தார். இது நிஜமா, இல்லை சும்மா அடித்துவிட்டதா என்று கேட்டார். தெரியவில்லை என்றாள். அது உண்மையான பதில்தான்.

முதன்மை ஆய்வாளர் என்ற இடத்தில் யார் பெயரைப் போடுவது என்பதில் சிக்கல் வந்தது. அந்த இடத்தில் இருப்பவர் ஐந்து வருஷமும் இதே நிலையத்தில் இருந்தாக வேண்டும். விலகினால் ப்ராஜெக்ட்டும் போய்விடும். மண் சார் அதற்குள் ஓய்வுபெற்றுவிடுவார். ஐஸுக்கு நிரந்தர வேலை கிடையாது. "உங்க பேரைப் போடுங்கம்மா, எப்படியும் வரப்போறதில்ல" என்றார் மண் சார். அவளும் அதை நம்பித்தான் போட்டாள். கணவன் இருக்கிற ஊரில் ஒரு கல்லூரியில் வேலைக்கு நேர்காணல் முடித்துவிட்டு வந்திருந்தாள். அதை அவர்களிடம் சொல்லியிருக்கலாம். கைக்கு வராத வேலையைப் பற்றிச் சொல்லி, பிறகு அதுவும் இல்லை என்றானால் இரண்டு பக்கமும் அசிங்கம் என்று பேசாமல் இருந்துவிட்டாள். கல்லூரியிலிருந்து வேலை உறுதி என்று தகவல் வந்தபோது ப்ராஜெக்ட் விண்ணப்பம் போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. அப்படி ஒன்றை அனுப்பியது அவளுக்கே மறந்திருந்தது.

அன்று சாயங்காலம் குடியிருப்புச் சாலையில் நடந்துகொண்டே கணவனுக்குப் போன் செய்தாள். அவன் குடிநீர் வாரியத்தில் பொறியாளர். மாற்றலாகிப் போய் நான்கு வருஷம் ஆகிறது. ஆய்வு நிலையம் ஊரைவிட்டு ஒதுங்கி இருந்ததால் பக்கத்தில் நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. மகளும் அவனோடு போனாள். இன்னும் ஒரே வருஷம், இன்னும் ஒரே வருஷம் என்று அவள் சொல்லிச் சொல்லி மகளுக்குப் பதின்மூன்று வயதாகிவிட்டது.

கணவன் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டான். மனம் நொந்தால் அவன் விவரம் கேட்கத் தொடங்குவான். கல்லூரியில் எப்போது சேரச் சொல்லியிருக்கிறார்கள் என்று, தனக்கு நன்றாகத் தெரிந்ததையே கேட்டான். இயக்குநரிடம் பேசிப்பார்க்கிறேன், ஒரு வாரம் பொறு என்றாள். அதற்குள் பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது. அம்மாவா, குடுங்கப்பா என்று போனைப் பறித்துக்கொண்டாள்.

"நீ வந்தப்புறம் நான் ஸ்கூல் பஸ்ல போகமாட்டேன். உன் காலேஜ் அதே ரோட்லதான இருக்கு? உன்கூடத்தான் வருவேன். அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

சரி என்றாள் அவள். மகள் கணக்குப் பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்டாள். அதற்குப் பதில் தெரிந்திருந்தது, சொன்னாள்.

இயக்குநர் அறைக்குப் போனபோது வாழ்த்து அறிவிப்பு ஏற்கெனவே சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. முதன்மை ஆய்வாளரை மாற்ற வழி இருக்கிறதா என்று அவள் கேட்டதை அவர் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். விதியைப் பொறுமையாக விளக்கினார், அவளுக்குத் தெரியாதது எதுவும் அதில் இல்லை. ஐஸின் ஒப்பந்தம் இந்தப் பருவத்தோடு முடிகிறது என்பதையும், இந்த ப்ராஜெக்ட்டில்தான் அதை நீட்டிக்கப் போகிறோம் என்பதையும், போகிற போக்கில் சொல்வதுபோல் சொன்னார். கட்டாயம் ஒன்றுமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்று முடித்தார். அவர் அதட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு வெளியே வருவதைத் தவிர அவளுக்கு அங்கே செய்ய எதுவும் இல்லை.

ஐஸிடம் தானே நேரில் சொல்லிவிடுவது என்று மரங்களுக்குப் பின்னால் நடந்தாள். அந்தக் கட்டடத்துக்குள் பம்புகள் நிறுத்தாமல் முனகிக்கொண்டிருக்கும். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் அது காதுக்குக் கேட்காது, நெஞ்சுக்கூட்டில் மட்டும் இருக்கும். ஐஸ் எஃகுக் கலத்துக்கு அலுமினியத் தாள் சுற்றிக்கொண்டிருந்தாள். கலத்தின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் ஈரத்தைச் சூடுபடுத்தி விரட்டினால்தான் அடுத்த சோதனையைத் தொடங்க முடியும். சூடு வெளியே போகாமலிருக்க, சாப்பாடு கட்டுகிற அதே தாளால் பொட்டலம் மாதிரிச் சுற்றவேண்டும். வந்தவளைப் பார்த்ததும் ஐஸ் தாளின் ஒரு முனையை நீட்டினாள். அவள் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மகளைப் பற்றி, கல்லூரியைப் பற்றி, சொல்லாமல் இருந்ததைப் பற்றி. ஐஸ் சுற்றுவதை நிறுத்தவில்லை. பிறகு, வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் தனக்கு இடம் கிடைத்திருந்ததாகவும், ப்ராஜெக்ட் வந்த செய்தி கேட்ட மறுநாளே வரவில்லை என்று எழுதிவிட்டதாகவும் சொன்னாள். குற்றம்சாட்டுகிற குரல் இல்லை அது. நேற்று மழை பெய்தது என்கிற மாதிரி சொன்னாள்.

"திரும்பக் கேட்டுப் பார்க்க முடியாதா?"

"வேற ஆள் போட்டுட்டாங்க." ஐஸ் தாளைக் கிழித்தாள். "மேடம், இப்ப நீங்க எங்கிட்ட தகவல் சொல்றீங்களா, அனுமதி கேக்கறீங்களா?"

கையிலிருந்த தாளின் முனையை அவள் மடித்துச் சரிசெய்தாள்.

"தகவல்னா சரி, கேட்டுக்கறேன். அனுமதின்னா, எங்கிட்ட இல்ல. நான் போங்கன்னு சொன்னா அது பொய். போகாதீங்கன்னு சொன்னா உங்க பொண்ணு முகத்துல நான் எப்படி முழிப்பேன்? ரெண்டையும் என் தலையில வெக்காதீங்க." இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு, "அந்தப் பக்கம் இழுத்துப் பிடிங்க, காத்து போகுது" என்றாள்.

அவள் இழுத்துப் பிடித்தாள். கலம் முழுவதும் மூடும்வரை இருவரும் சேர்ந்து சுற்றினார்கள்.

போவது என்று அந்த வாரம் அவள் கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டாள். போவதற்குமுன் அந்த வாக்கியம் உண்மையா என்று மட்டும் பார்த்துவிடலாம், உண்மையாக இருந்தால் வேறு யாராவது எங்கேயாவது எடுத்துச் செய்துகொள்ளட்டும் என்று நினைத்தாள். மண் சார் தன் வயல் மண்ணை உருளையாக வெட்டியெடுத்து, காயக் காய ஊடுகதிரில் எடுத்த படங்களைக் கொடுத்தார். ஐஸ் வார்த்தை ஏதும் இல்லாமல் தன் பழைய பனி அளவீடுகளை அனுப்பிவைத்தாள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். துளைகளைப் புள்ளிகளாக்கி, தொடுகைகளைக் கோடுகளாக்கி, முதலில் மண்ணுக்கு ஒரு வளைகோடு வரைந்தாள். மறுநாள் பனிக்கு. இரண்டும் பார்ப்பதற்கு வேறு வேறாகத்தான் இருந்தன. துளையின் அளவை வைத்து இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தபோது, ஒன்று மற்றதன்மேல் போய்ப் படுத்துக்கொண்டது. ஏதோ பிழை என்று நினைத்து முதலிலிருந்து செய்தாள். மறுபடியும் படுத்துக்கொண்டது. காலடியில் கிடக்கிற மண் அறுபடுகிற அதே விதத்தில், யாரும் போகமுடியாத தூரத்தில் ஒரு தூசித் துகளின் மேலிருக்கிற பனி இணைகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் இருந்தது. இப்படி ஒன்று தன் வாழ்நாளில் தன் மேசைக்கு வரும் என்று அவள் எதிர்பார்ப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. சாப்பிடாததும், போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்ததும் பிறகுதான் உறைத்தன.

மண் சார் டீயோடு வந்தார். திரையைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவள் முகத்தை, திரையைப் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தார்.

"கெளம்பறதா இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார். இயக்குநர் அறையில் பேசியது வராந்தாவுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று அவரே சிரித்துக்கொண்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"போகணும்னா போங்கம்மா. எனக்காகப் பார்க்காதீங்க, நான் வயலுக்குப் போய் உக்காந்துக்குவேன். அந்தப் பொண்ணும் எப்படியாவது பொழைச்சுக்கும். ஆனா இந்த முகத்தை இங்க விட்டுட்டு, வேற முகத்தோட வீட்டுக்குப் போகாதீங்க. அப்புறம் வீட்ல இருக்கறவங்களுக்குத்தான் கஷ்டம்."

டீயை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவள் கையால் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சூடாக இருந்தது.

மறுநாள் ப்ராஜெக்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். ஐஸின் வேலைக்காக, மண் சாரின் கடைசி வருஷங்களுக்காக என்று சொல்லிக்கொண்டாள். கணவனிடமும் அப்படித்தான் சொன்னாள், அவன் நம்பினான். அல்லது நம்புவதாகச் சொன்னான். அவர்களுக்காக மட்டும் என்றால் ஒருவேளை உதறிவிட்டு வந்திருக்கலாம். உதற முடியாததைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை. அது சந்தோஷமாக இருந்ததுதான் அவளுக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

மகளிடம் நேரில் சொல்வதற்காக வார இறுதியில் பஸ் ஏறினாள். ஆனால் மகள் தினமும் நாள் எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் கணவன் முன்பே சொல்லிவிட்டிருந்தான். அது அவளுக்குத் தெரியாது. அழைப்பு மணியை அழுத்தினாள். மகள் கதவைத் திறந்து, அவள் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"வாங்கம்மா."

யாரோ தன் பின்னால் நிற்கிறார்கள் என்று நினைத்து அவள் திரும்பிப் பார்த்தாள். படியில் யாரும் இல்லை.

"டீ போடவா, காபியா? நீங்க இப்ப எது குடிக்கிறீங்க?"

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கணவனின் கை நின்றது. அவள் எதுவாக இருந்தாலும் சரி என்றாள்.

மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். விடைத்தாள்களைக் கொண்டுவந்து காட்டினாள், டிவியில் வந்த நகைச்சுவைக்குச் சிரித்தாள். குளியலறையில் வெந்நீர்க் குழாய் இடப்பக்கம் என்று நினைவூட்டினாள், துவைத்த துண்டு ஒன்றை மடித்துக் கட்டில்மேல் வைத்தாள். எல்லாவற்றுக்கும் 'நீங்க'. அவள் கணவனிடம் மெதுவாகச் சொன்னபோது, விடு, வயசு அப்படி, ரெண்டு நாள்ல சரியாயிடும் என்றான். ஆனால் அவன் மகளின் கண்ணைப் பார்க்காமல் நடமாடிக்கொண்டிருந்தான்.

மாலையில் மாடியில் துணி எடுக்கும்போது அவள் கேட்டேவிட்டாள். "என்னை ஏன் நீங்கன்னு சொல்ற?"

மகள் கொடியிலிருந்து கிளிப்புகளைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "மரியாதைதானம்மா. எங்க க்ளாஸ்ல பாதிப் பேர் அவங்க அம்மாவை அப்படித்தான் கூப்பிடறாங்க."

அந்த முகத்தில் கோபத்தைத் தேடினாள். கொஞ்சம் கிடைத்திருந்தால்கூடக் கட்டிப்பிடித்து, அடி வாங்கி, அழுது, எதையாவது செய்திருக்கலாம். அங்கே விருந்தாளியைப் பார்க்கிற கவனம் மட்டும் இருந்தது.

"உங்க ப்ராஜெக்ட் என்னன்னு சொல்லுங்களேன்" என்றாள் மகள்.

துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் சொன்னாள். மண்ணைப் பற்றி, துளைகளைப் பற்றி, விண்வெளியில் இருக்கும் பனியைப் பற்றி. தொடங்கும்போது தயக்கமாக இருந்தது. சொல்லச் சொல்லக் குரல் தானாக ஏறியது. அதை மகள் கவனித்தாள் என்பதை அவளும் கவனித்தாள்.

"அப்ப மண்ணுல தண்ணி இருந்தும் செடி செத்துடுமா?"

"வேருக்கு வழி இல்லன்னா, ஆமா."

"ம்." மகள் ஒரு சட்டையை உதறி மடித்தாள். "நல்லாருக்கு. நீங்க நல்லாப் பண்ணுவீங்கம்மா."

அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. கிண்டல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினாள். கணவன் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டு, ஏதோ சொல்ல வந்து, தண்ணி பாட்டில் எடுத்துட்டியா என்று கேட்டுவிட்டுப் போனான். மகள் வரவில்லை, படிக்க இருந்தது. பஸ் ஊரைத் தாண்டி, காய்ந்த வயல்களுக்கு நடுவே ஓடியது. நீண்ட தூரம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தவள், தான் வீட்டை நினைக்கவில்லை, பனி அளவீடுகளில் சேர்க்க விட்டுப்போன ஒரு திருத்தத்தைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று திடுக்கிட்டாள். அப்போது குறுஞ்செய்தி வந்து போன் அதிர்ந்தது. மகள்.

"உக்கார எடம் கெடச்சுதா?"

அவள் அந்த வரியையே பார்த்தாள். நீ என்று எடுத்துக்கொள்ளலாம், நீங்க என்றும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் அதில் இடம் இல்லை, இரண்டையும் அது மறுக்கவும் இல்லை. தெரியாமல் எழுதியதா, தேர்ந்து எழுதியதா? "கெடச்சுது" என்று பதில் அனுப்பினாள். கூட வேறு ஏதாவது எழுத நினைத்து, எழுதி, அழித்தாள்.

பஸ் நின்றது. ரயில்வே கேட் மூடியிருந்தது. அவர்களுக்கு முன்னால் ஒரு லாரி மட்டுமே நின்றது. காத்திருக்கப் பொறுமையில்லாத கார்கள் பஸ்ஸின் வலப்பக்கமாக ஏறிவந்து, எதிரே வருகிறவர்களுக்கான பாதையை அடைத்துக்கொண்டன. கார்களுக்கு நடுவே ஆட்டோக்கள் நுழைந்தன. மிச்சமிருந்த சந்துகளில் மோட்டார் சைக்கிள்கள் வந்து கேட்டின் கம்பிவரை முட்டி நின்றன. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும் அதேதான் நடந்துகொண்டிருந்தது. ரயில் போயிற்று. கேட் மெல்ல மேலே ஏறியது. எல்லா இன்ஜின்களும் ஒரே நேரத்தில் உறுமின, ஒரு வண்டியும் நகரவில்லை. இரண்டு பக்கமும் சாலையின் முழு அகலத்துக்கு நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் போகவும் யாருக்கும் இடமில்லை. சாலை இருந்தும் வழி இல்லை என்று ஜன்னலோரம் இருந்த அவளுக்குத் தோன்றியது. ஹாரன்கள் எழுந்து, உச்சத்துக்குப் போய், சலித்து அடங்கின. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்மேல் கைகளை வைத்துக்கொண்டார்.

அந்தப் பக்கத்துக் கூட்டத்திலிருந்து ஓர் ஆள் தன் சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பம்பர்களுக்கு நடுவே உடம்பை ஒருக்களித்து நுழைந்து, தண்டவாளம்வரை வந்துவிட்டார். அங்கிருந்து இந்தப் பக்கம் எங்கே நுழைவது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே சைக்கிளை இறக்காமல் நின்று, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய கைகளுக்கு மேலே முன்சக்கரம் வெயிலில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.